ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் குழுக்களே இல்லாதபோது, அடுத்த சுற்றுக்குச் செல்லும் அணிகளை எப்படி முடிவு செய்கிறார்கள்?

2023–24 வரை 32 அணிகள் எட்டுக் குழுக்களாக ஆடின. அடுத்த பருவத்திலிருந்து 36 அணிகளும் ஒரே புள்ளிப் பட்டியலில் இடம்பெறுகின்றன. ஒவ்வோர் அணியும் வெவ்வேறு எட்டு அணிகளுடன், சொந்த மைதானத்தில் நான்கு, வெளியே நான்கு என ஆடும். முதல் எட்டு அணிகள் நேராக 16 அணிகளின் சுற்றுக்குச் செல்ல, 9 முதல் 24 வரையிலான இடங்களில் உள்ளவை இரண்டு ஆட்டங்கள் கொண்ட இடைச்சுற்றில் வென்றால்தான் அங்கே சேர முடியும், மற்றவை வெளியேறிவிடும்.

இந்தப் புள்ளிப் பட்டியல் கட்டத்தின் கடைசி நாளில் 18 ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இந்த முறையின் உயிர் என்பேன். எங்கோ விழும் ஒரு கோல், வேறு ஊரில் ஆடும் அணியின் இடத்தையும் மாற்றிவிடும். 2024–25இல் 15ஆம் இடத்தில் முடித்த பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், இடைச்சுற்றில் பிரெஸ்ட் அணியை வீழ்த்தி முன்னேறி, மியூனிக் இறுதியாட்டத்தில் இன்டர் மிலானை 5–0 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது.