பொருளாதார மந்தம் வந்தால் முதலில் வெட்டு கலைக்குத்தானா? அமெரிக்க மாநிலங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வரி வசூல் குறைந்ததும் மாநிலங்கள் கலைக்கான பணத்தில் கை வைப்பது ஏன்?

பதில்: வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு கடன் வாங்கிச் சமாளித்துவிடும். மாநிலங்களுக்கு அது முடியாது, வெர்மாண்ட் தவிர எல்லா இடத்திலும் வரவுக்குள் செலவை அடக்கச் சொல்லி ஏதாவது ஒரு சட்டம் இருக்கிறது. பள்ளியையோ சிறையையோ தொட்டால் வழக்கு வரும், ஓட்டு போகும். கலைக்காரர்களைத் தொட்டால் நாலு நாள் கோஷம், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் 2003-ல் கலை மன்றத்துக்கு (கலைக்கு மானியம் தரும் மாநில அமைப்பு) மாநில வரிப்பணத்திலிருந்து தரும் தொகையைச் சுமார் 10 லட்சம் டாலருக்கு இறக்கினார்கள், பத்து வருஷம் ஏறவே இல்லை.

கேள்வி: அப்படி வெட்டினால் பற்றாக்குறை தீருமா சார்?

பதில்: கான்சாஸைப் பாருங்கள். 2011 மே மாதம் கவர்னர் சாம் பிரவுன்பேக் கலை ஆணையத்துக்கான சுமார் 6,89,000 டாலரை வீட்டோ செய்தார், அதாவது சட்டமன்றம் ஒதுக்கியதைத் தன் அதிகாரத்தால் ரத்து செய்தார். மாநில பட்ஜெட்டோ 1,300 கோடி டாலருக்கு மேல்! மாநிலம் தன் பங்கைப் போட்டால்தான் மத்திய அரசின் தேசியக் கலை நிதியமும் போடும், அதனால் மிச்சம் பிடித்ததைவிட அதிகமான வெளிப்பணம் கைவிட்டுப் போனது. மறு வருஷமே வணிகத் துறைக்குக் கீழே புது ஆணையம், 7 லட்சம் டாலர். இதற்கு எதற்கு அந்தக் கூத்து?

கேள்வி: மந்தத்திலும் கலைக்கு அதிகப் பணம் கிடைத்த இடம் உண்டா?

பதில்: மினசோட்டா. 2008 நவம்பர், ஊரே வேலை போகும் பயத்தில் இருந்த நேரம், விற்பனை வரியை எட்டில் மூன்று சதவீதம் (0.375 சதவீதம்) ஏற்ற மக்களே ஓட்டுப் போட்டார்கள், 2034 வரைக்கும். பெரும்பங்கு தண்ணீருக்கும் காட்டுக்கும், 19.75 சதவீதம் கலை, பண்பாட்டுக்கு. 100 டாலருக்கு ஒரு மேசை வாங்கினால் கலைக்குப் போவது ஏழு சென்ட் சொச்சம். ஆனால் மக்கள் வாங்குவது குறைந்தால் இதுவும் குறையும், கவர்னர் நினைத்தபடி வெட்ட முடியாது என்பதுதான் லாபம்.

கேள்வி: அப்போ வெட்டுக்கெல்லாம் மந்தம்தான் காரணமா?

பதில்: இல்லை. புளோரிடாவில் 2024-ல் கவர்னர் டிசாண்டிஸ் சுமார் 3.2 கோடி டாலர் கலை மானியத்தை வீட்டோ செய்தபோது மந்தமே இல்லை.

கேள்வி: மினசோட்டாவின் மினியாபொலிஸில் சின்னப் பறைக்குழு நடத்துகிறோம். எங்கே கேட்கலாம் அண்ணா?

பதில்: மாநிலக் கலை வாரியத்துக்கு ஓடாதீர்கள், முதலில் வட்டாரக் கலை மன்றம், மாநிலத்தில் 11 இருக்கின்றன. மண்டப வாடகை ரசீதுகளை இன்றிலிருந்தே எடுத்து வையுங்கள்.