பலெர்மோ அன்ரியின் பதில்கள்: இத்தாலிக்கு வெளிக்கிடுகிறவர்களுக்கு

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் நெடுங்காலம் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை பார்த்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியவர் எங்கள் அன்ரி. இத்தாலிப் பயணம் பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்முறை பதில் தருகிறார்.

மகன் பொலோனியாவில் இருக்கிறான். நானும் மனைவியும் இரண்டு கிழமை போகிறோம். ரோம், நேப்பிள்ஸ், புளோரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான் எல்லாவற்றையும் பார்க்கத் திட்டம் போட்டிருக்கிறேன். இத்தாலியப் பண்பாட்டை அறிய இது போதுமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லாவி*

போதுமா என்றா கேட்கிறீர்கள் சேர்? இந்தத் திட்டப்படி போனால் நீங்கள் வடிவாகப் பார்க்கப்போவது ரயில் நிலையங்களைத்தான். பாதியை வெட்டுங்கள். ரோமுக்கு நாலு நாள் கொடுங்கள். மிச்ச நாளெல்லாம் மகன் வீட்டிலேயே இருந்துகொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போய் வாருங்கள். விரைவு ரயிலில் புளோரன்ஸ் நாற்பது நிமிடம்தான்.

பொலோனியாவைச் சும்மா நினைக்கவேண்டாம். அங்கே நடைபாதைகளுக்கு மேலே தூண் நிறுத்திக் கூரை போட்டிருக்கிறார்கள். நகரம் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வரும். 2021 இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மழையென்றாலும் வெயிலென்றாலும் குடை தேவையில்லை. அதில் ஒரு பாதை ஊருக்கு வெளியே குன்றின் மேலிருக்கும் சான் லூக்கா மாதா கோயில் வரைக்கும் ஏறிப் போகிறது. 666 வளைவுகள், நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் வீட்டு அம்மாவுக்கு முழங்கால் நோ இல்லையென்றால் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள்.

பண்பாடு என்று கேட்டீர்கள். அது அந்த மனிதரின் நேரகாலத்தில் இருக்கிறது. பகல் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் சின்னக் கடைகள் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் தொலைபேசி எடுக்காதீர்கள். நான் பார்த்துக்கொண்ட சின்யோரா (அம்மணி) அப்போது மணி அடித்தால், எடுத்தவுடன் "யார் செத்தது?" என்றுதான் கேட்பார். மாலை ஆறு ஏழு மணிக்கு ஊரே தெருவுக்கு வரும். ஒரு அலுவலும் இல்லை. நல்ல உடுப்புப் போட்டு, கைகோத்து, தெரு முனை வரைக்கும் போய்த் திரும்புவது, தெரிந்தவரைக் கண்டால் நின்று கதைப்பது, அவ்வளவுதான். பசெஜாத்தா என்பார்கள். எண்பது தாண்டிய பிறகும் சின்யோரா உதட்டுச் சாயம் பூசாமல் அதற்கு வெளிக்கிட்டதில்லை. நீங்களும் அம்மாவும் வேட்டி சேலையுடன் ஒரு மாலை நடந்து பாருங்கள், நிச்சயம் நாலு பேர் வந்து கதை கொடுப்பார்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குப் பிறகுதான். ஆறரைக்கே உணவகத்துக்குப் போனால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவேண்டிவரும்.

கடைக்குள் நுழையும்போது முதலில் வணக்கம் சொல்லவேண்டும்: பகலில் "புவோன்ஜோர்னோ", மாலையானால் "புவோனசேரா". அதைச் சொல்லாமல் பொருளைத் தொட்டால் முகம் சுருங்கும். "சாவோ" நெருங்கியவர்களுக்கு மட்டும்.

மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் 48 மணித்தியாலத்துக்குள் எழுத்து மூலம் அந்த ஊர்ப் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். விருந்தினர் விடுதியென்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், வீட்டில்தான் மறந்துபோகும். விசாவுக்கு எடுக்கும் மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் மேடையிலுள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை அடியுங்கள். அடிக்காவிட்டால் டிக்கெட் இருந்தும் தண்டம்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். தங்கச்சியுடன் சிசிலிக்குப் போகிறார். பாணும் தண்ணீரும்தானா?
*வாசகி, முள்ளியவளை*

சைவக்காரருக்கு இத்தாலியில் தோதான இடம் சிசிலிதான் பிள்ளை. கத்தரிக்காயை அவர்கள் சமைப்பதைப் பார்த்தால் அம்மாவே சமையல் குறிப்பு எழுதி எடுப்பார். கப்பொனாத்தா என்று ஒன்று: பொரித்த கத்தரிக்காயுடன் செலரி, ஒலிவ் காய், தக்காளி, கேப்பர் மொட்டு சேர்த்து, வினாகிரியும் சீனியும் விட்டு ஆறவைத்துச் சாப்பிடுவது. சில இடங்களில் மீனும் போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்கவும்.

பலெர்மோவில் பல்லரோ சந்தைக்கு அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வியாபாரிகள் ராகம் இழுத்துக் கூவுவார்கள். சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள், தமிழ்க் குரல் கேட்கும். அங்கே பனெல்லே பொரிக்கும் வண்டிலைத் தேடுங்கள். கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லி இலையும் போட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டி, மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு வெட்டுவார்கள். கொதி எண்ணெயில் போட்டதும் ஓரம் உப்பி, நிறம் மாறி மேலே வரும். எடுத்து, எள்ளுத் தூவிய உருண்டைப் பாணுக்குள் வைத்து, தேசிக்காய் பிழிந்து தருவார்கள். சுடச்சுடச் சாப்பிடவேண்டும், ஆறினால் ஒன்றுக்கும் உதவாது. அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்பதை முதலில் எட்டிப் பாருங்கள். பக்கத்து வண்டிலில் மாட்டு மண்ணீரல் வைத்த பாண் விற்பார்கள், அம்மாவை அந்தப் பக்கம் விடவேண்டாம்!

முட்டை விஷயம். வடக்கில் கையால் செய்யும் பாஸ்தாவில் முட்டை உண்டு. பெட்டியில் வரும் காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான், ஆனாலும் பெட்டியை வாசியுங்கள். பீட்சாவில் மரினாரா கேளுங்கள்: தக்காளி, உள்ளி, ஒரிகானோ, ஒலிவ் எண்ணெய், வேறொன்றும் இல்லை. வெயிலுக்கு எலுமிச்சை கிரானித்தா என்ற ஐஸ் நல்லது, ஆனால் அதனுடன் தரும் பிரியோஷ் பணிசில் முட்டை இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாதவற்றைச் சொல்கிறேன். மரக்கறி சூப்பை இறைச்சி அவித்த தண்ணீரில் வைப்பது அங்கே வழக்கம். சில பாணில் பன்றிக் கொழுப்புச் சேரும். பர்மெசான் சீஸைத் திரைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாறு. அம்மா இதையெல்லாம் பார்ப்பவரென்றால் சீஸ் தூவவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வெறுமனே "சைவம்" என்றால் மீன் கொண்டுவந்து வைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே பிரித்துச் சொல்லவேண்டும்: சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா. இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல். ஒரு துண்டில் எழுதி அம்மாவின் கைப்பைக்குள் வைத்துவிடுங்கள்.

ஒரு கோப்பிக்கு அங்கே ஏன் இரண்டு விலை? பில்லில் கேட்காத ஒன்றுக்கும் காசு எடுக்கிறார்களாமே?
*புதுக்குடியிருப்பு இளைஞர்*

ஏமாற்றில்லை தம்பி. நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் இருந்தால் கூடின விலை. விலைப்பட்டியல் சுவரில் இருக்கும். கோப்பி என்று கேட்டால் வருவது இரண்டு மிடறு எஸ்பிரெசோ. நின்றபடி குடித்துவிட்டுப் போவதுதான் அவர்கள் பழக்கம். தெற்கில் கூடவே ஒரு சின்னக் கிளாஸ் தண்ணீர் வைப்பார்கள், அதை முதலில் குடியுங்கள். கப்புச்சீனோ காலைக்கு மட்டும். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதைக் கேட்டால் தருவார்கள், தந்துவிட்டு உங்களைப் பற்றிக் கதைப்பார்கள். பில்லில் கோப்பெர்த்தோ என்று இருப்பது மேசைக்கும் பாணுக்கும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. பரிமாறுபவருக்கு ரிப்ஸ் கட்டாயமில்லை.

பதுவா அந்தோனியாரைத் தரிசிக்க நேர்த்தி வைத்திருக்கிறேன். ஆவணியில் போவது நல்லதா? எப்படி உடுத்த வேண்டும்?
*மடு வீதி வாசகி*

அக்கா, ஓகஸ்ட் 15 மடு மாதா திருநாள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே நாள்தான் இத்தாலியிலும் பெரிய விடுமுறை, பெராகோஸ்தோ என்பார்கள். நாம் காட்டுக்குள் கோயிலுக்குப் போவோம், அவர்கள் கடலுக்குப் போவார்கள். அதையொட்டிய நாட்களில் பல கடைகள் பூட்டு, வெயில் கொடுமை, ரயிலில் இடமில்லை. முடிந்தால் ஜூன் 13, அந்தோனியாரின் நாளுக்குப் போங்கள். கூட்டம் நெரியும், ஆனால் அன்று அவருடைய திருப்பண்டங்களை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள்.

பதுவாவில் அந்தக் கோயிலுக்குப் பெயர்கூடச் சொல்லமாட்டார்கள், "இல் சாந்தோ", அதாவது "புனிதர்" என்றால் போதும். நுழையக் காசில்லை. இடப்பக்கம் கல்லறை. வரிசையில் போய் அதன் பின்பக்கக் கல்லில் உள்ளங்கையை வைத்து மன்றாடுவார்கள். சுற்றிவர நன்றிப் படங்கள், குழந்தைகளின் ஒளிப்படங்கள் தொங்கும். பின்புறச் சிற்றாலயத்தில் அவருடைய நாக்கு இருக்கிறது. 1263 இல் கல்லறையைத் திறந்தபோது அது அழியாமல் இருந்ததாகச் சொல்வார்கள்.

உடுப்பு: தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். ரோமில் புனித பேதுரு பேராலயத்திலும் இதே சட்டம்தான், கையில்லாச் சட்டைக்காரரைத் திருப்பி அனுப்புவார்கள். சேலைக்கு ஒரு கேள்வியும் வராது.

பலெர்மோ வரை போகிற வசதி இருந்தால் பெல்லெகிரினோ மலையில் புனித ரொசாலியா கோயிலையும் பாருங்கள். 1624 இல் கொள்ளைநோய் வந்தபோது நகரத்தைக் காத்தவர் என்று நம்புகிறார்கள். கோயில் ஒரு குகைக்குள். மேற்பாறையில் இருந்து சொட்டும் நீரை உலோகத் தகட்டுப் பீலிகள் பிடித்து ஓரமாகக் கொண்டுபோகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தமிழ் ஆட்கள் நிறைய வருவார்கள், வேதக்காரர் மட்டுமில்லை, திருநீறு பூசினவர்களும்தான். செப்டெம்பர் 3 இரவு ஊர்ச் சனம் நடந்தே மலை ஏறும், சிலர் வெறுங்காலுடன். நானும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

அருங்காட்சியகம், ஓவியம் என்றால் எனக்குப் பொறுமை இல்லை. நான் கூத்துக்காரன். எனக்கு ஏதாவது இருக்கிறதா?
*முல்லைத்தீவு வாசகர்*

உங்களுக்காகவே வைத்ததுபோல ஒன்று இருக்கிறது, சிசிலியின் பொம்மை ஆட்டம். ஓப்பெரா தெய் பூப்பி என்று பெயர். 2001 இல் யுனெஸ்கோ இதைத் தலைசிறந்த மரபுக் கலையாக அறிவித்தது, 2008 இல் அதன் அருவ மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. மரத்தால் செய்த போர்வீரர்கள், உடம்பில் உண்மையான உலோகக் கவசம். நூலை மட்டும் நம்பி ஆட்டுவதில்லை, தலைக்கும் வலது கைக்கும் இரும்புக் கம்பி. பலெர்மோப் பொம்மை ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர், முழங்கால் மடங்கும், வாளை உறையிலிருந்து உருவித் திரும்பச் செருகும். சிசிலியின் இன்னொரு நகரான கத்தானியாவின் பொம்மை பெரிது, பாரம், முழங்கால் மடங்காது, வாள் எப்போதும் கையிலேயே இருக்கும். சண்டை வரும்போது ஆட்டுபவர் பலகையில் காலால் இடிப்பார். தலை உருளும், உடல் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், முன்வரிசைப் பிள்ளைகள் கத்துவார்கள்.

கதை சார்லமேன் பேரரசரின் வீரர்களைப் பற்றியது. ஓர்லாந்தோ, ரினால்தோ, இருவரும் ஆசைப்படும் அஞ்செலிக்கா. காட்டிக்கொடுக்கும் கானோ மேடைக்கு வந்தால் சனம் ஏசும். கோவலன் கூத்தில் தட்டான் வரும்போது நம் கிழவிகள் பல்லைக் கடிப்பார்களே, அது மாதிரி. முன்னாட்களில் ஒரே கதையை இரவிரவாக மாதக்கணக்கில் தொடர்ந்து ஆடியிருக்கிறார்கள். இப்போது ஒரு மணித்தியாலம்தான். மொழி தெரியாமலே விளங்கும். காட்சி முடிந்ததும் போய்விடாதீர்கள். உங்கள் கையைப் பார்த்தே கூத்துக்காரரென்று பிடித்துவிடுவார்கள், கேட்டால் பொம்மையைத் தூக்கிப் பார்க்கவும் விடக்கூடும்.

அங்கே ஒரு வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். இங்கிருந்து என்ன கொண்டுபோகலாம்?
*வவுனியா வாசகி*

இறைச்சி, பால் பொருட்கள் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். மாம்பழம், கறிவேப்பிலையும் வேண்டாம், சான்றிதழ் கேட்பார்கள். பனங்கட்டி, பனையோலைப் பெட்டி, நல்ல தேயிலை போதும். ஞாயிறு மத்தியானச் சாப்பாடென்றால் போகிற வழியில் இனிப்புக் கடையில் சின்னக் கேக்குகளைத் தட்டில் வாங்குங்கள், தாளால் சுற்றி நாடா கட்டித் தருவார்கள். பூ வாங்கினால் செவ்வந்தி மட்டும் வேண்டாம். அது அங்கே கல்லறைக்கு வைக்கும் பூ.