பொன்னிறப் பூச்சுக்குக் கிருமி ஒட்டாதா?

கேள்வி: கீழ்க் கடைவாயில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கப்போகிறேன். ஈறுக்குள் நிற்கும் இணைப்புத் துண்டைப் பொன்னிறப் பூச்சோடு வாங்கினால் கிருமி அண்டாது என்கிறார்கள். விலை கூடுதல். வாங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கிருமி ஒட்டவே செய்யும், கொஞ்சம் குறைவாக. எந்தப் பூச்சானாலும் வாய்க்குள் போன சில நிமிடங்களில் எச்சில் புரதம் அதன்மேல் ஏடு கட்டிவிடும். கிருமி பிடிப்பது அந்த ஏட்டைத்தான். முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடியேறும். பிறகு ஃபியூசோபாக்டீரியம் பாலமாக நின்று, ஈறைக் கெடுக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸைச் சேர்த்துக்கொள்ளும்.

பூச்சின் பெயரைவிட வழவழப்புதான் முக்கியம். ஈறைத் தொடும் பரப்பின் சராசரி சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டத் தாண்டக் கிருமிப் படலம் தடிக்கும். அதற்குக் கீழே எவ்வளவு மெருகேற்றினாலும் பெரிய லாபமில்லை. எலும்புக்குள் போகும் திருகை மட்டும் 1 முதல் 2 மைக்ரான் வரை வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள். எலும்பு பிடித்துக்கொள்ள அது வேண்டும். எலும்பு கரைந்து அந்தப் பகுதி வெளியே தெரிந்தால்தான் வில்லங்கம். பிரஷ் முடியின் தடிமன் சுமார் 200 மைக்ரான். சில மைக்ரான் பள்ளத்துக்குள் அது எப்படி நுழையும்?

பொன்னிறம் என்பது டைட்டானியம் நைட்ரைடு. கடினமானது, எளிதில் கீறல் விழாது. மெல்லிய ஈறு வழியாக உலோகத்தின் சாம்பல் நிறமும் தெரியாது. கடைவாய்க்கு அந்த அழகு அவசியமில்லை. அந்தப் பணத்தை, சிமென்ட் வைத்து ஒட்டாமல் திருகி மாட்டும் கேப்புக்கு, அதாவது மேலே வரும் பல் உறைக்குச் செலவிடுங்கள். ஈறுக்கடியில் தங்கிவிடும் சிமென்ட் துணுக்கு கிருமிக்குக் கோட்டை. எந்தப் பூச்சும் அதை ஈடுகட்டாது. சுத்தம் செய்யப் போகும்போது, ஸ்டீல் கருவி வேண்டாம், பிளாஸ்டிக் அல்லது டைட்டானியக் கருவி போதும் என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்டீல் கீறினால் வழவழப்பே போச்சு.

டீயில் ஊறிய வர்க்கி, கேப்புக்கும் ஈறுக்கும் நடுவே மாவாக அப்பிக்கொள்ளும். கம்பியில் நைலான் உறை போட்ட இடைப்பல் பிரஷ்ஷை இரவில் தவறாமல் விடுங்கள். ரத்தம் கசிந்தால் தள்ளிப்போடாதீர்கள். எலும்பு கரையுமுன் வந்தால் ஈறைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கேள்வி: இம்ப்ளான்ட் வைத்தவர்கள் தினமும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி மருந்தால் கொப்பளிக்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: வேண்டாம். மருத்துவர் சொன்னால் மட்டும் 0.2 சதவீதக் கரைசல் 10 மி.லி., ஒரு நிமிடம், இருவேளை, இரண்டு வாரம். பேஸ்ட் போட்டுத் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். கொப்பளித்த உடனே கட்டஞ்சாயா (பால் விடாத டீ) குடித்தால் பல் பழுப்பேறும்.