மூன்று சோழர் கோயில்களும் ஒரே நாளில்

வயதான அம்மாவோடு திருச்சியிலிருந்து வாடகைக் காரில் தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். ஆனால் தஞ்சையில் தொடங்காதீர்கள். விடிவதற்குள் கிளம்பி, தூரமான சோழபுரத்தை முதலில் பாருங்கள். அங்கே வடக்குப் படிக்கட்டருகே உள்ள சிற்பத்தில், அடியார் சண்டேசர் தலையில் சிவபெருமான் மாலை சுற்றிவிடுகிறார். அந்த விரல்களின் பரிவுக்காகவே இன்னொருமுறை போகலாம். நடை சாத்துவதற்குள் தாராசுரம். கருவறைச் சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக இருக்கும், குனிந்து தேடுங்கள். அப்புறம் கும்பகோணத்தில் சாப்பாடு, தஞ்சை அரண்மனையில் செப்புத் திருமேனிகள். பெரிய கோயிலுக்கு வெயில் தாழ்ந்த பிறகு போனால் அம்மாவுக்குக் கல்தரை காலைச் சுடாது.