கரண்ட் போனால் ஆக்சிஜன் மிஷின் எவ்வளவு நேரம் ஓடும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு மின்பொறியாளரும் ஒரு நுரையீரல் மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு (சி.ஓ.பி.டி.) என்று சொல்லி, வீட்டிலேயே நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின்) வாங்கிவிட்டோம். வீட்டில் 900 வி.ஏ. இன்வர்ட்டரும் 150 ஏ.எச். பேட்டரியும் இருக்கின்றன. கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?
– வாசகி, ராயபுரம்

பதில்: புது பேட்டரியில் மிஷின் மட்டும் ஓடினால் சுமார் மூன்று மணி நேரம். கூடவே ஒரு ஃபேனும் ஒரு டியூப் லைட்டும் என்றால் இரண்டரை. பேட்டரிக்கு இரண்டு, மூன்று வயது ஆகியிருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

12 வோல்ட்டை 150ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி வருகிறதே என்று கேட்பீர்கள். பேட்டரி மேல் எழுதியிருக்கும் 150 என்பது, 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. 5 லிட்டர் மிஷின் 300 முதல் 350 வாட் வரை இழுக்கும் (பின்பக்க லேபிளில் பாருங்கள்). பேட்டரிப் பக்கம் அது 35 ஆம்பியரைத் தொடும். அந்த வேகத்தில் உறிஞ்சினால் பேட்டரி தன் முழு அளவைத் தராது. இன்வர்ட்டருக்குள் வீணாவது தனி. கடைசியில் கைக்கு வருவது 1,100, 1,200 வாட்-மணிதான்.

‘2 லிட்டர்தானே வைக்கிறோம், கரண்டும் குறைவாகத்தானே இழுக்கும்’ என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் குமிழைக் குறைத்தாலும் கம்ப்ரஸர் அதே வேகத்தில்தான் ஓடும். மின்செலவில் பெரிய வித்தியாசம் வராது.

இன்வர்ட்டர் ‘சைன் வேவ்’ வகைதானா என்று பாருங்கள். பழைய ‘ஸ்கொயர் வேவ்’ இன்வர்ட்டரில் கம்ப்ரஸர் உறுமும், சூடேறும், சீக்கிரம் போய்விடும். மிஷின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஆகவே அதே இன்வர்ட்டரில் ஃபிரிட்ஜை மாட்டாதீர்கள். இரண்டு கம்ப்ரஸரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் ‘ஓவர்லோட்’ காட்டி இன்வர்ட்டரே நின்றுவிடும்.

கோடை இரவுகளில் லோ வோல்டேஜ் வரும் தெருக்களில் இன்னொரு சிக்கல். இன்வர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்ச் ‘யு.பி.எஸ்.’ நிலையில் இருந்தால், மின்னழுத்தம் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதுமே பேட்டரிக்கு மாறிவிடும். கரண்ட் போகவே இல்லை, ஆனால் விடியற்காலையில் பேட்டரி காலி. இன்வர்ட்டரின் மின்கல விளக்கை ராத்திரி ஒருமுறை பாருங்கள். தினமும் இப்படி நடந்தால் வோல்டேஜ் அளவை நேரத்தோடு குறித்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பேட்டரியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஒரு ‘பி’ டைப் சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பியிருந்தால் அதில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன். 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் வரும். ரெகுலேட்டரும் சாவியும் சிலிண்டரிலேயே கட்டித் தொங்கட்டும். இருட்டில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. ரெகுலேட்டர் இறுகிவிட்டது என்று எண்ணெய், கிரீஸ் தடவவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் பத்தடிக்கு அப்பால் இருக்கட்டும். கரண்ட் போனதும் மெழுகுவத்தி ஏற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிட்டு டார்ச் வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் டாக்டர் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் போதும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவின் மாமியாருக்கு 24 மணி நேரமும் வைத்திருக்கிறார்கள். எது சரி? நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் ஆபத்தா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நிலையாக இருக்கும் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு உங்கள் டாக்டர் சொல்வது ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. வட அமெரிக்காவில் 203 பேரிடம் நடந்து 1980இல் வெளியான ஆய்வில், இரவில் மட்டும் ஆக்சிஜன் வைத்தவர்களின் இறப்பு, பகலிலும் சேர்த்து வைத்தவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டே பிரிட்டனில் 87 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில், தினம் 15 மணி நேரமாவது வைத்த 42 பேரில் 19 பேரும், வைக்காத 45 பேரில் 30 பேரும் இறந்திருந்தார்கள். ‘15 மணி நேரம்’ என்ற அளவு அங்கிருந்துதான் வந்தது. அப்படியானால் 24 மணி நேரம் வைத்தால் இன்னும் நல்லதா? 2024இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு 241 பேரை இரண்டாகப் பிரித்து இதையே ஒப்பிட்டது. ஓராண்டில் மருத்துவமனைச் சேர்க்கையோ இறப்போ 24 மணி நேரக் குழுவில் குறையவில்லை.

இந்தப் பலன் யாருக்கு என்பதும் முக்கியம். ஓய்வில் ஆக்சிஜன் அளவு மிகவும் குறைந்தவர்களுக்குத்தான். ஓய்வில் 89 முதல் 93 சதவீதம் வரை இருந்தவர்களையும், நடக்கும்போது மட்டும் குறைந்தவர்களையும் சேர்த்து 738 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் (2016) ஆயுளும் கூடவில்லை, மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. ஆக்சிமீட்டரில் 92 பார்த்தவுடன் மிஷின் வாங்க ஓடத் தேவையில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நோயே வேறாக இருக்கலாம்; அவருடைய அளவை உங்களுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

15 மணி நேரம் என்பது நாள் முழுவதற்கும் சேர்த்த கூட்டுத்தொகை. இரண்டு மணி நேரக் கரண்ட் கட்டை மற்ற நேரத்தில் ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் ஈடு செய்வது நேரத்தில் மட்டும்தான். கரண்ட் வந்ததும் ‘விட்டதைப் பிடிக்கலாம்’ என்று குமிழை 2இலிருந்து 5க்குத் திருப்புகிறார்களே, அதுதான் எங்களுக்குப் பயம். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். ஆள் மந்தமாகி, தூக்கத்தில் ஆழ்ந்து, எழுப்பினாலும் எழாமல் போகலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே 405 பேரிடம் இதைச் சோதித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். 88 முதல் 92 சதவீதம் வரை மட்டும் நிறுத்தி ஆக்சிஜன் கொடுத்தபோது, அதிகமாகக் கொடுத்ததைவிட இறப்பு பாதிக்கும் கீழே வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த எண்ணில் குமிழின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. (கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. வந்த எலக்ட்ரீஷியன் அதை பைபாஸ் செய்துவிட்டுப் போய்விட்டார். இப்போது தொல்லை இல்லை. அப்படியே விடலாமா? வீட்டில் நெபுலைசரும் ஆக்சிஜன் மிஷினும் ஓடுகின்றன.
– வாசகர், காசிமேடு

பதில்: விடக்கூடாது. இன்றைக்கே திரும்ப இணையுங்கள். மழையில் விழுகிறது என்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, எங்கோ கரண்ட் மண்ணுக்குக் கசிகிறது என்று அர்த்தம்.

வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழ வேண்டியது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் டால்சீல் 134 ஆண்களையும் 28 பெண்களையும் வைத்துச் சோதித்தபோது, பிடித்த கம்பியைத் தானாக விட முடிந்த உச்ச அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போனால் தசை இறுகிக் கை கம்பியை விடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. (லோட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) இதையெல்லாம் கண்டுகொள்ளாது, அது வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஆளை அல்ல.

கசிவைக் கண்டுபிடிக்க, எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். கீசர் எலிமென்ட், சம்ப் மோட்டார், மொட்டை மாடி லைட், வாஷிங் மெஷின் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் விழுகிறதா? நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டிருக்கும். சாதாரண ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் வழியாகக் கசிவு தொடரும். இன்வர்ட்டர் போட்ட பிறகு ஆரம்பித்த தொல்லை என்றால், இன்வர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு லைனின் நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருப்பார்கள். உங்கள் பகுதியில் உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெளிச்சுவர் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் பச்சை பூத்த ஜாயின்ட்டுகள் இருக்கும்.

பழைய வீடுகளில் இன்னொன்று. அந்தக் காலத்தில் இரும்புக் குடிநீர்க் குழாயில் எர்த்தைக் கட்டிவிடுவார்கள். பிறகு குழாயை பிளாஸ்டிக்குக்கு மாற்றியிருந்தால் எர்த் போய்விட்டது, யாருக்கும் தெரியாது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள ‘டெஸ்ட்’ பொத்தான் இதைச் சொல்லாது. அது அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று மட்டுமே காட்டும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், ஆனால் எர்த்தை மீட்டர் வைத்துத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். இன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆர்.சி.சி.பி., பேட்டரியில் ஓடும் லைனைத் துண்டிக்காது. இன்வர்ட்டர் அவுட்புட்டில் 30 மில்லி ஆம்பியரில் தனியாக ஒன்று தேவை.

கேள்வி: வெள்ளத்தில் நனைந்த மிஷினைக் காய வைத்து ஓட்டலாமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: கூடாது. உள்ளே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் ஜியோலைட் படுகை ஈரத்தில் கெட்டுவிடும். மிஷின் ஓடும், காற்றும் வரும், ஆனால் ஆக்சிஜன் சதவீதம் இருக்காது. சர்வீஸில் தூய்மையை அளந்த பிறகுதான் ஓட்டலாம். அடுத்த மழைக்கு முன் மிஷினையும் பேட்டரியையும் இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். தண்ணீர் வாசலுக்கு வரும்போதே மெயினை அணையுங்கள். வீட்டுக்குள் புகுந்தபின் தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஷாக் அடித்தவர் எழுந்து நடந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: வீட்டு மின்சாரம், மயங்கவில்லை, நெஞ்சு படபடப்பு இல்லை, தீக்காயம் இல்லை என்றால் பெரும்பாலும் ஒரு ஈ.சி.ஜி.யோடு முடிந்துவிடும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் கட்டாயம் போக வேண்டும். மயங்கி மூச்சில்லாமல் கிடந்தால், முதலில் மெயினை அணைத்து, 108ஐ அழைத்து, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். இந்தச் சிகிச்சையே மின்துறையிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. லைன்மேன்கள் ஷாக்கில் இறப்பதைத் தடுக்க மின் நிறுவனங்கள் பணம் கொடுத்த ஆய்வில் இறங்கியவர் வில்லியம் கவன்ஹோவன் என்ற மின்பொறியாளர். அவருடைய குழு 1960இல் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர், மேல்நிலைக் கம்பி போன்ற உயர் மின்னழுத்தம் என்றால், ஆள் எழுந்து பேசினாலும் நேராக மருத்துவமனைதான். மேல்தோலில் சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். அது கரைந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.