வாசகியர் கேள்வி – பதில்: "உங்க சைஸ் வராதுங்க அக்கா"

கேள்வி: கிருஷ்ணகிரியில் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். வயது 38. மார்புச் சுற்றளவு 46 அங்குலம். இடுப்புக்குக் கீழே 50 அங்குலம். தீபாவளிக்குச் சுடிதார் எடுப்பதற்காக ஒரே நாளில் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் நான் வாய் திறப்பதற்கு முன்பே, "உங்க சைஸ் வராதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் கிடைத்த இரண்டும் தோளில் தொங்கின, மேற்கையில் இறுக்கின. நிறமோ ஒன்று கருநீலம், மற்றொன்று காப்பிப்பொடி. பருமனான பெண்களுக்கு அழகான உடை ஏன் வருவதில்லை? இதற்காகப் பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா, அம்மா?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: இருபத்தைந்து ஆண்டுகளாகத் தையல் கற்றுக்கொடுக்கும் எனக்கும் 44 அங்குலம்தான், ஆகவே, நீங்கள் கேட்ட அந்த வாக்கியம் எனக்கும் பழக்கமானதே. சொன்ன பெண்ணின் மீது கோபம் வருவது இயல்பு. ஆனால், அவர் பின்னால் இருக்கும் அலமாரி எப்படி நிரம்புகிறது என்பதைப் பார்த்தால் கோபம் வேறு இடத்துக்குப் போகும். குர்த்திகளை மொத்த வியாபாரிகள் பெரும்பாலும் தனித்தனியாகத் தருவதில்லை. ஒரு டிசைனுக்கு எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று நான்கு உருப்படிகள் கொண்ட 'செட்'டாகவே தருகிறார்கள். அந்தச் செட்டில் பெரியது ஒன்றே ஒன்று. நான் பார்த்தவரையில், பல கடைகளில் அதுதான் முதலில் விற்றுப்போகிறது. மறுபடி அந்த ஒன்றை மட்டும் வாங்க வழியில்லாததால், மிஞ்சியவற்றைத் தள்ளுபடியில் தீர்ப்பதிலேயே கடைக்காரரின் கவனம் போய்விடுகிறது. தேங்கிய சரக்கு அவருடைய கணக்கில் ஏறுகிறது. கேட்டுக் கிடைக்காமல் படியிறங்கியவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

தோளில் தொங்கி மேற்கையில் இறுக்கியது வேறொரு கோளாறு. ஆயத்த ஆடை செய்பவர்கள் நடுத்தர அளவு ஒன்றுக்கு மாதிரி வெட்டிச் சரிபார்த்துவிட்டு, அதற்கு மேற்பட்ட அளவுகளுக்கெல்லாம் அதே மாதிரியைச் சுற்றிலும் குறிப்பிட்ட அங்குலம் கூட்டிக்கொண்டே போவார்கள். தொழிலில் இதைக் கிரேடிங் என்பார்கள். எம் அளவிலிருந்து எக்ஸ்எல் வரைக்கும் இந்தக் கணக்கு ஒருவாறு ஒத்துவரும். அதற்கு மேல் போகும்போதுதான் தவறுகிறது, ஏனென்றால் நமக்குச் சதை கூடுகிற அளவுக்குத் தோள் எலும்பு அகலமாவதில்லை. மார்பும் வயிறும் மேற்கையும் கூடியிருக்க, கணக்குப்படி தோளையும் கழுத்தையும் சேர்த்து அகலப்படுத்தினால், தோள்தையல் கைக்கு வழிந்து, கழுத்து இறங்கி, கைமட்டும் பிடிக்கும். மார்பின் மேடு ஏறி இறங்குவதற்கு முன்பக்கத்தில் கூடுதல் உயரம் வேண்டும். அதைக் கொடுக்காத உடைகள்தாம் பின்னால் தாழ்ந்தும் முன்னால் தூக்கியும் நிற்கின்றன. பெரிய அளவுகளுக்கென்று தனி மாதிரி வெட்டுவதே முறை. அதற்குச் செலவாகும் என்பதால் பலரும் அதைச் செய்வதில்லை. நம் மக்களின் உடலளவை எடுத்துச் சொந்தப் பட்டியல் உருவாக்குவதற்கான திட்டத்தையே, 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது என்ற இலக்குடன், தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் 2018-இல்தான் அறிவித்தது.

இத்தனைக்கும், மேலைநாட்டுப் பெண்களுக்கான பெரிய அளவுப் பின்னலாடைகள் நமக்கு அருகிலுள்ள திருப்பூரிலிருந்துதான் கப்பலேறுகின்றன. அவற்றில் மிஞ்சியவை அந்த ஊரிலேயே உள்ள காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். டி-ஷர்ட்டும் வீட்டில் அணியும் கால்சட்டையும் வேண்டுமானால் அங்கே பார்க்கலாம், கையும் உடலும் நமக்குச் சற்று நீளமாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள்ளலாம். பெங்களூரில் தேர்வு செய்ய நிறைய உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால், எக்ஸ்எல் என்ற எழுத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் அளவு வைத்திருப்பது அங்கேயும் அப்படித்தான். அதனால் எழுத்தை மறந்துவிட்டு, உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய குர்த்தி ஒன்றைத் தரையில் விரித்து, கக்கத்துக்குக் கக்கம் அளந்து இரட்டித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு கடைக்குப் போய் உடையை அளந்து பாருங்கள். இழுவை இல்லாத பருத்தித் துணியானால், உடலளவைவிட உடை 3 முதல் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். உங்களுடைய 46-க்கு 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர். லேபிளில் இருப்பது உடலின் அளவா, உடையின் அளவா என்று கேட்டுக்கொள்வதும் முக்கியம்; பலர் ஏமாறுவது இங்கேதான். 'ஃப்ரீ சைஸ்' என்று எழுதிய நைட்டியை நம்பி வாங்கி, தலை நுழைந்த பிறகு கை நுழையாமல் நின்ற அனுபவம் எனக்கே உண்டு.

இன்னொன்றும் செய்யலாம். வழக்கமாக வாங்கும் கடையில், ஆடி முடிவதற்குள் உரிமையாளரிடமே பேசுங்கள். உங்களைப் போன்ற ஆசிரியைகள் நான்கைந்து பேர் சேர்ந்து, திரிபிள் எக்ஸ்எல் முதல் தொடங்கும் செட் ஒன்றை வரவழைக்கச் சொன்னால், விற்பனை உறுதி என்று தெரிந்த சரக்கை எந்த வியாபாரியும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அப்படிச் சொல்லும்போது, நிறத்தையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ரெடிமேட் வேண்டாம் என்று துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாலும் எனக்குச் சரியாக வருவதில்லை. அளவு ரவிக்கை கொடுத்தும், கக்கத்தில் சுருக்கம், முதுகில் தூக்கல். கேட்டால், "உங்க உடம்பு வாகு அப்படிங்க" என்கிறார் தையல்காரர். சேலையோடு வரும் துணியும் எனக்குப் போதவில்லை.
– ஒரு வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: அளவு ரவிக்கை கொடுப்பதே பாதிக் குற்றம். அதில் இருக்கும் பிழையையும் சேர்த்துத்தான் அவர் நகலெடுக்கிறார். அது நைந்து நெகிழ்ந்து போயிருந்தால் அந்த நெகிழ்ச்சியையும் உங்கள் அளவாகவே எடுத்துக்கொள்வார். உடம்பிலேயே அளவெடுக்கச் சொல்லுங்கள், அதுவும் மார்புச் சுற்றளவு ஒன்றை மட்டும் எடுத்து நிறுத்திவிடாமல். கக்கத்துக்கு அடியில் மேல்மார்பு, நடுமார்பு, மார்புக்குக் கீழ் என்று மூன்று சுற்றளவும், தோளிலிருந்து மார்பு முனை வரையிலான உயரமும், இரு முனைகளுக்கும் இடையிலான தூரமும், மேற்கைச் சுற்றளவும் தனித்தனியாக வேண்டும். மேல்மார்புக்கும் நடுமார்புக்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்தைத் தாண்டினால், தோளையும் கழுத்தையும் கைக்குழியையும் மேல்மார்பை வைத்தே வெட்டி, மார்புக்கு வேண்டிய இடத்தை டாட்டில், அதாவது துணியைக் கூராக மடித்துப் பிடிக்கும் தையலில், கொடுக்க வேண்டும். நடுமார்பை வைத்துத் தோள் வெட்டுவதால்தான் உங்களுக்குக் கக்கத்தில் சுருக்கம் விழுகிறது. முதுகு தூக்குவது, முன்பக்க உயரம் போதாமல் ரவிக்கை முழுவதும் முன்னால் இழுபடுவதன் விளைவு. இரண்டும் வெட்டில் உள்ள பிழைகள், உடம்பில் உள்ளவை அல்ல. பெரிய அளவுக்குச் சாதாரண நான்கு டாட் ரவிக்கையைவிட, மார்புப் பகுதியைத் தனித் துண்டாக வெட்டி இணைக்கும் கட்டோரியோ, தோளிலிருந்து கீழ்வரை தையல் இறங்கும் பிரின்சஸ் கட்டோ நன்றாக உட்காரும். ஆனால், அதை அடிக்கடி தைப்பவரிடம் கொடுங்கள், பண்டிகைக்கு முந்திய வாரத்தில் கொடுக்காதீர்கள். கையால் நூலோட்டி ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு மிஷினில் ஓட்டச் சொல்லுங்கள். இதற்குச் சலித்துக்கொள்ளும் தையல்காரரை மாற்றிவிடலாம் என்பது என் கருத்து.

சேலையோடு வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். 42 அங்குலத்தைத் தாண்டியவர்கள் முழங்கை வரை கை வைத்தால் அது போதாது. ஒட்டுப் போட்டு ஒப்பேற்றுவதைவிட, உடலுக்கு அந்தத் துணியையும் கைக்குப் பொருத்தமான வேறு துணியையும் எடுப்பது பார்க்கவும் அழகாக இருக்கும். லைனிங் துணியை முதல்நாளே நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். பக்கத் தையலின் உள்ளே இரு புறமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் துணி விடச் சொல்லுங்கள். எடை கூடினாலும் குறைந்தாலும் பிரித்துத் தைக்க அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கொஞ்சம் பருமன். கடைக்கு வரவே மறுத்து, அண்ணனுடைய சட்டைகளையே போட்டுக்கொள்கிறாள். கறுப்பும் நெட்டுக்கோடும் போட்டால் மெலிந்து தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன், அழுதுவிட்டாள். என்ன செய்வது?
– ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: நெட்டுக்கோட்டுப் பேச்சை முதலில் நிறுத்திவிடுங்கள். மெலிந்து தெரிய வேண்டும் என்று அவள் உங்களிடம் கேட்கவில்லையே. அண்ணன் சட்டை அவளுக்குத் தோளில் வழிந்து இடுப்புக்குக் கீழே பிடிக்கும், உட்கார்ந்தால் பித்தான்களுக்கு இடையே வாய் பிளக்கும். அந்த அவஸ்தையோடு அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ரெடிமேட் கடை வேண்டாம் என்றால், பர்கூருக்கு அழைத்துச் செல்லுங்கள். குட்டி சூரத் என்று பெயரெடுத்த அந்த ஊரில் மீட்டர் துணிக்குப் பஞ்சமில்லை. பூப்போட்டதோ, மஞ்சளோ, அவள் கை எதை எடுக்கிறதோ அதை வாங்குங்கள். துணியின் அகலத்தை மட்டும் நீங்கள் கவனித்தால் போதும். 44 அங்குல அகலத் துணியில், பெரிய அளவுக்கு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பக்கம் பக்கமாக வைத்து வெட்ட முடியாது. உடலுக்கு இரண்டு உயரமும் கைக்குத் தனியாகவும் எடுக்க வேண்டியிருப்பதால், முழங்காலளவு டாப் ஒன்றுக்கு 2.75 முதல் 3 மீட்டர் வரை ஆகும். பாக்கெட்டில் வரும் சுடிதார் துணி பலருக்குக் கையில் குறைவது இதனால்தான். மீட்டர் துணிக் கடையில் இன்னொரு வசதியும் இருக்கிறது: அங்கே அவளுடைய அளவை யாரும் கேட்கமாட்டார்கள், எத்தனை மீட்டர் கிழிக்கட்டும் என்றுதான் கேட்பார்கள்.