மலை ரயிலும் மைதானமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செப்டம்பரில் மனைவியுடன் சுவிட்சர்லாந்து போகிறேன். செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு கிளேசியர் எக்ஸ்பிரஸில் இடம் போட்டாயிற்று. எனக்குக் கால்பந்துப் பித்து. வழியில் இறங்கி ஏதாவது மைதானம் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே.,

அந்த நாளில் வேண்டாம். எட்டு மணி நேர ஓட்டம் அது. இருக்கைப் பதிவு அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும். ரயில் பயண பாஸ் இருந்தாலும் பதிவுக்குத் தனிக்கட்டணம். இறங்கினால் அது போயிற்று. முந்தைய நாளை மைதானத்துக்கு ஒதுக்குங்கள்.

செர்மாட்டிலிருந்து விஸ்ப் செல்லும் சாதாரண ரயிலுக்குப் பதிவே தேவையில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஸ்டால்டன்-சாஸ். நிலையத்தை ஒட்டியே ரோப் கார். ஸ்டால்டன்ரீட் வழியாக க்ஷ்போன் கிராமத்துக்கு ஏறும். பிறகு அரை மணி நேர மேட்டு நடை. 2008 மீட்டர் உயரத்தில் ஒட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் மைதானம். ஜெர்மன் கிளப்புகளான டோர்ட்மண்டுக்கு 1997இலும் பேயர்ன் மியூனிக்குக்கு 2001இலும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளரின் பெயர் அது. சரிவில் கிடைத்த சமதளம் அவ்வளவுதான் என்பதால் ஆடுகளம் வழக்கமானதைவிடச் சிறியது, செயற்கைப் புல். சுற்றிலும் உயர வலை கட்டியிருக்கிறார்கள். அதையும் தாண்டிய பந்து சரிவில் உருண்டு மரங்களுக்கிடையே மறைந்துவிடும். ஆடுவது மலைக்கிராம அணிகள். ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த இடத்தைப் பார்க்கவே ஏறலாம்.

இங்கே பலரும் கோட்டை விடுவது கடைசி ரோப் காரை. ஏறுவதற்கு முன்பே கீழ்நிலையத்தில் இறங்குவண்டி நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

பெரிய ஆட்டம் வேண்டுமென்றால் பெர்ன். பெர்ன் நிலையத்திலிருந்து எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் சில நிமிடங்களில் வாங்க்டோர்ஃப் நிலையம். 1954 உலகக்கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3-2 என வென்றது இங்கிருந்த பழைய மைதானத்தில். அதன் கடிகாரத்தை இன்றைய அரங்குக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம்.

செப்டம்பரில் தேசிய அணிகளுக்கான இடைவெளி வரும், அந்த வார இறுதியில் லீக் ஆட்டம் இருக்காது. நாளும் நேரமும் உறுதியான பிறகே ஓட்டலைப் பதிவு செய்யுங்கள். இரவு ஆட்டமென்றால் பெர்னிலேயே தங்குவது நல்லது, செர்மாட்டுக்குத் திரும்ப விஸ்பில் வண்டி மாற வேண்டும். பெரிய பைகளை வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள்.